மத்தியானப் பூட்டு

போன மாதம் எங்கள் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பூங்கா மேற்பார்வையாளர் ஒருத்தி, சின்னப் பெண், என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, முந்தியெல்லாம் பார்க்கை மத்தியானத்துல பூட்டிப் போட்டுருவாங்களாமா? நெசமுங்களா?"

எனக்குப் புரையேறிவிட்டது. "நெசந்தான் சாமி. பூட்டுனதும் நாங்கதான், தொறந்ததும் நாங்கதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. பூங்கா என்றால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை திறந்துதான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்த பிள்ளை அது. சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரி, இதையே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பற்றி நானே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

எங்கள் சங்கத்தின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். பூங்கா, படிப்பகம், கலையரங்கம், விளையாட்டிடம், நீச்சல்குளம் என்று உள்ளாட்சிகளில் மக்கள் பொழுதுபோக்குக்காக இருக்கிற இடங்களில் வேலை பார்க்கிறவர்களெல்லாம் சேர்ந்த சங்கம். சுருக்கமாகப் பூங்காச் சங்கம். மற்றச் சங்கத்துக்காரர்கள் எங்களை "புல்லு வெட்டற சங்கம்" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. குடிநீர்ப் பிரிவுக்காரர்கள் வேலையை நிறுத்தினால் ஊரே குடத்தோடு ரோட்டுக்கு வந்துவிடும். துப்புரவுப் பணியாளர்கள் நிறுத்தினால் ஊர் நாறிப்போகும். நாங்களும் ஒரு முறை நிறுத்திப் பார்த்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் கேட்டருகே வந்து, "இன்னைக்கு லீவுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவ்வளவுதான் எங்கள் வேலைநிறுத்தத்தின் பலன்.

நான் மோகனூர்ப் பக்கத்துக்காரி. கரும்பும் வாழையும் பார்த்து வளர்ந்தவள். நகராட்சிப் பூங்காவில் வேலை கிடைத்தபோது, "இதுக்கு நம்ம தோட்டத்துலயே களை வெட்டலாமே அம்மிணி" என்று அப்பா கேலி செய்தார். சேர்ந்தது உதவியாளராக. பிறகு மேற்பார்வையாளர். நடுவில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடமிருக்காது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், பின்னால் அது வரும்.

பூங்காவைத் திறப்பது என்றால் கேட்டைத் திறப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கேட்டைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் விளையாட்டு மணலைப் பல் வைத்த கம்பி வாரியால் கீறிக் கிளற வேண்டும். எவனாவது உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு மேலே தெரியாது, கையளவு ஆழத்தில் இருக்கும். சறுக்கு மரத்தின் தகரம் எங்காவது விரிந்திருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை வேலை செய்து மரத்துப்போயிருக்கும், அதற்குத் தெரியாது. பெஞ்சுக்கு அடியில் குளவிக் கூடு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஊஞ்சல். சங்கிலி அறுந்து ஊஞ்சல் விழுந்து நான் பார்த்ததில்லை. மேலே குழாயில் மாட்டியிருக்கும் கொக்கி தேய்ந்துதான் விழும். கீழேயிருந்து பார்த்தால் தேய்மானம் தெரியாது. இரண்டு சங்கிலியையும் பிடித்து, காலை மடக்கி, முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்க வேண்டும். நல்ல கொக்கி கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். தேய்ந்த கொக்கி டொக்கென்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு ஊஞ்சலைக் கட்டிப்போட்டுவிட வேண்டும். நான் நல்ல கனம் என்பதால் இந்த வேலையில் எனக்குப் போட்டியே கிடையாது.

எங்கள் சங்கத்தை உண்டாக்கியவர் சின்னுசாமி ஐயா. கலையரங்க மேற்பார்வையாளராக இருந்தவர். வாழ்நாளெல்லாம் மேடையும் மைக்கும் பார்த்துக்கொண்டவர் என்பதால் அவருக்கு ஒரு பழக்கம். பேசத் தொடங்குமுன் மைக்கை விரலால் தட்டுவார். மைக் இல்லாத இடத்தில் காற்றைத் தட்டுவார். டீக்கடையில் நின்று பேசினாலும் அப்படித்தான். தட்டிவிட்டு மெல்லிய குரலில் பேசுவார். கூட்டத்தில் கடைசி வரிசைக்காரன்கூட முன்னால் சாய்ந்து காது கொடுப்பான். அவர் காலத்துக்கு முன்பு பூங்காக் காவலர்கள் கோழி கூப்பிட வந்தால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். நடுவில் சோறு தின்னக்கூட நேரம் கிடையாது. ஒரு சித்திரை வெயிலில் காவலர் ஒருவர் சறுக்கு மரத்தடியிலேயே மயங்கி விழுந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் சின்னுசாமி ஐயா. அங்கிருந்து நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போய், ஆணையர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்தில் பூங்காவைப் பூட்டிக்கொண்டு காவலர்கள் ஓய்வெடுக்கலாம் என்ற உத்தரவை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். பக்கத்து நகராட்சிகளும் அதையே பின்பற்றின.

எங்கள் சங்கம் ஜெயித்த ஒரே காரியம் அது. அதனால் அந்த நாளைக் கொண்டாடினோம். பூட்டு நாள் என்று பெயர். வருடா வருடம் அன்றைக்கு உறுப்பினர்களெல்லாம் ஏதாவது ஒரு பூங்காவில் கூடுவோம். பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று உண்டு. அதற்கு ஆயுத பூசைக்கு வைப்பதுபோலச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, உச்சி வெயிலில் சின்னுசாமி ஐயா தன் கையால் கேட்டைப் பூட்டுவார். கைதட்டுவோம். பிறகு பூட்டிய கேட்டுக்கு உள்ளே இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஐயா ஓய்வுபெற்றபோது தலைவர் பதவிக்கு யாரும் முன்வரவில்லை. நான் வாயாடி. கூட்டத்தில் எழுந்து எதற்காவது சண்டை போட்டுக்கொண்டே இருப்பேன். "அப்படின்னா அந்த அக்காவையே ஆக்கிப்புடுங்க" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். ஐயா காற்றைத் தட்டிவிட்டு, "நல்ல யோசனை" என்றார். அப்படித்தான் நான் தலைவியானேன்.

படிப்பகத்தில் செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துச் சண்டையைத் தீர்த்தது, நீச்சல்குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் வாங்கியது என்று நான் செய்த சின்னச் சின்ன காரியங்கள் இருக்கின்றன. அதெல்லாம் இருக்கட்டும். சோதனை வந்தது விசைத்தறி ஊர்ப் பூங்காவில்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் உள்ள ஊர் அது. பெயர் வேண்டாம், அங்கே நம் பிள்ளைகள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். தறிப்பட்டறைத் தெருக்களுக்கு நடுவில் நான்கு பெரிய வேப்பமரங்களோடு இருந்த பூங்கா. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடமும் அதுதான். அதை எடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று மன்றத்துக்குத் தீர்மானம் போகப் போவதாகத் தெரிந்தது. மரத்தை வெட்டி, மணலை அள்ளி, சிமெண்டு போட்டுவிடுவார்கள். அந்த நகராட்சி ஆணையரைப் பார்க்கப் போனேன்.

அந்த ஆணையர் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பார். யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். உட்கார்ந்தால் எழுந்து போக மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். எது கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். தலையை நிமிர்த்தாமல் சொன்னால் நடக்காது. பேனாவை மூடிவிட்டுச் சொன்னால் அடுத்த ஆணையர் காலத்தில் நடக்கலாம். "எழுதிக் குடுங்க" என்று சொன்னால்தான் காரியம் ஆகும். அந்த வார்த்தையை நான் அவரிடம் அதுவரை கேட்டதே இல்லை.

"யாருமே அந்தப் பார்க்குக்கு வர்றதில்லையேம்மா" என்றார், கையெழுத்துப் போட்டபடியே. "நானே நேர்ல போய்ப் பாத்தேன். கவுன்சிலர்களும் பாத்தாங்க. ஒரு ஈ, காக்கா இல்ல."

"எப்பங்க சார் போனீங்க?"

"காலையில ஆபீஸ் வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் போக முடியும். மத்தியானம். வாட்ச்மேன் வந்து பூட்டைத் தொறந்துவிட்டார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பூட்டிய பூங்காவைத் திறந்து உள்ளே போய், ஆள் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். "பூட்டிக் கெடந்தா எப்படிங்க சார் ஆள் இருக்கும்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "பூட்டணும்னு கேட்டு வாங்கினது யாரு? உங்க சங்கம்தானே?"

வெளியே வந்து நேராக அந்தப் பூங்காவுக்குப் போனேன். மத்தியானம். எங்கள் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காவலர் மாரப்பண்ணன் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்த்த பட்டறையிலிருந்து தறிச் சத்தம் காதைப் பிளந்தது. அந்தப் பட்டறை வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள் காந்திமதி. அங்கே தறி ஓட்டுகிறவள். நான் அங்கே வேலை பார்த்த காலத்திலிருந்தே பழக்கம்.

"ஏன் காந்திமதி, நீயெல்லாம் பார்க்குக்கு வாரதே இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் கத்தினாள். தறிக்காரர்கள் பேச்சே அப்படித்தான், ரகசியம்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். "எப்பங்க்கா வாரது? காலையில நீங்க தொறக்கறப்ப நானு தறியில நிக்கறேன். சாயங்காலம் தொறக்கறப்ப அடுப்புல நிக்கறேன். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுனதுக்கப்பறம் கொஞ்ச நேரந்தான் எனக்குன்னு இருக்குது. ஊட்டுக்குள்ளயும் பக்கத்து ஊட்டுத் தறி ஓடுது. காதைக் கொஞ்சம் சும்மா வெச்சிருக்க ஒரு எடம் இல்லீங்க. அந்தா பாருங்க, உங்காளு நல்லா ஒறங்கறாரு!"

மாரப்பண்ணன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. பூட்டைத் திறந்தால்தான் பூங்கா மிஞ்சும். ஆனால் அந்தப் பூட்டு எங்கள் சங்கத்தின் சாமி. அதன் மேல் கை வைக்க வேண்டும்.

பொதுக்குழுவைக் கூட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு பூங்காவிலும் காவலர் ஒருவர், தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார்கள். இருவரும் காலையிலிருந்து இரவு வரை நிற்பதற்குப் பதில் ஒருவர் காலையிலும் இன்னொருவர் பிற்பகலிலும் வந்தால் ஆளுக்கு அரை நாள் வீட்டில் இருக்கலாம். நடுவில் கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். வேலை நேரத்திலும் சாய்ந்து உட்கார ஓர் அறை கேட்டு வாங்குவோம். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது.

"அக்கா, எல்லாஞ் சொல்றீங்க" என்று எழுந்தார் மாரப்பண்ணன். "மத்தியானம் தொறந்து உட்டா சீட்டாடறவன் வருவான், குடிச்சுப்போட்டு வாரவன் வருவான். ஒத்தையாளு நானு என்னங்க பண்றது? ரூமு குடுப்பாங்கங்கறீங்க. குடுக்காட்டி? இருந்ததும் போச்சு, வாரதும் போச்சு."

அவர் கேட்டது நியாயம். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன் வரிசையில் சின்னுசாமி ஐயா எழுந்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவர் வராத கூட்டம் இல்லை. காற்றைத் தட்டினார். அத்தனை பேரும் அடங்கினார்கள்.

"அம்மிணி" என்றார் மெல்லிய குரலில். "நம்ம சங்கம் செயிச்சது ஒண்ணே ஒண்ணு. ஒரு மனுசன் மயங்கி உழுந்து, அதுக்கப்பறம் வாங்குனது. அதையும் நம்ம கையாலயே தொறந்து உட்டுட்டா, பொறவு நம்மகிட்ட என்ன இருக்குது?"

அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்தக் கூட்டத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் சொன்னேன். "ஐயா, பூட்டைக் காப்பாத்தறதுக்காகப் பார்க்கை உட்டுட்டோம்னா, பொறவு அந்தப் பூட்டை எந்தக் கேட்டுலங்க தொங்க உடறது?"

ஐயாவின் பக்கத்தில் போய் நின்றேன். "தொறந்து பாப்போம். ஆளு வரலீன்னா நானே பூட்டிச் சாவிய உங்க கையில குடுத்துட்டுத் தலைவர் பதவிய உட்டுட்டுப் போயிர்றனுங்க" என்றேன். ஐயா எனக்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன, அரை மனதாக.

எந்த நாளில் திறப்பது என்பதில்தான் என் மூளை வேலை செய்தது. விசைத்தறி ஊரில் ஞாயிற்றுக்கிழமையைவிடப் பெரிய விடுமுறை ஒன்று உண்டு. பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது. அந்த அமைதியில் ஊரே என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடும். அந்த நாளில் மத்தியானமும் பூங்கா திறந்திருக்கும் என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டோம். ஆணையருக்கும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

வெயிலில் சறுக்கு மரத் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். அதனால் ஈரச் சாக்குப் போட்டு மூடிக் கட்டினோம். ஊஞ்சல்களைக் கழற்றி வேப்பமர நிழல் பக்கம் இருந்த குழாயில் மாட்டினோம். நான் ஒவ்வொன்றிலும் தொங்கிப் பார்த்தேன். மாரப்பண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுகளை நிழலுக்கு நகர்த்தினார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! தூக்குப்போசியில் சோறு, பாய், கைக்குழந்தை, தாயக்கட்டை என்று வந்து இறங்கினார்கள். நிழல் போதவில்லை. சீட்டுக்கட்டோடு வந்த இரண்டு பேர் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். மாரப்பண்ணன் விசிலை ஊதிக்கொண்டு ராஜாபோல நடந்தார்.

ஆணையரும் வந்தார். உட்கார ஒரு பெஞ்சும் காலி இல்லை. காந்திமதிதான் நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க சார்!" என்று கத்தினாள். அவர் பயந்துபோனார். "நானு சண்டைக்கு வரலீங்க சார், எங்க பேச்சே இப்படித்தானுங்க" என்று அவள் அதையும் கத்தியே சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

ஆனால் எழுந்து போகும்போது என்னிடம் கேட்டார். "இன்னைக்குக் கரண்ட் இல்ல, வந்திருக்காங்க. நாளைக்குத் தறி ஓடுமே. அப்ப யார் வருவாங்க?"

சரியான கேள்வி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நாளைக்கும் வந்து பாருங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தார். மறுநாள் இரண்டு மணிக்கு முன்னாலேயே ஜீப் வந்து நின்றது. பூங்காவில் நான், மாரப்பண்ணன், ஒரு நாய். அவ்வளவுதான். ஊரெல்லாம் தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆணையர் சுற்றிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார் என்றால் தீர்மானம் நிறைவேறிவிடும். சாவியை ஐயா கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், ஒரே நிமிசம். ஊஞ்சல் கொக்கி எப்படித் தேயுதுன்னு உங்களுக்குக் காட்டறனுங்க. பார்க்கு இருந்தாலும் இல்லாட்டியும், அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க சார்."

ஏன் நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நின்றார். நான் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினேன். கிறீச் கிறீச் என்றது. "இது நல்ல சத்தம், எண்ணெய் போதும்" என்றேன். அடுத்த ஊஞ்சலுக்குப் போனேன். இதுவும் கிறீச். "டொக்னு சத்தம் வந்தாத்தான் ஆபத்துங்க." அதற்கடுத்த ஊஞ்சல் முந்தைய நாள் கூட்டம் விடாமல் ஆடித் தீர்த்தது. அதில் தறிச் சத்தத்துக்கு நடுவே எதுவுமே கேட்கவில்லை. "ஒண்ணும் கேக்கலையே?" என்று ஆணையர் குனிந்து காதைக் கொடுத்தார். "நீங்களே தொங்கிப் பாருங்க சார்" என்றேன். மாரப்பண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆணையர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு இரண்டு சங்கிலியையும் பிடித்தார். காலை மடக்கித் தொங்கினார். அதே நேரத்தில் எதிர்த்த பட்டறையில் சத்தம் தணிந்தது. அடுத்த பட்டறையும் ஓய்ந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம். ஒன்றன்பின் ஒன்றாகத் தெரு முழுக்கச் சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது, டொக்.

"அக்கா, சார் ஊஞ்சலாடறாருங்களா?" என்று கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து காந்திமதியின் குரல்.

அவள் பின்னால் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் பஞ்சுத் தூசி, கையில் சோத்துப்போசி. முந்தைய நாளைப்போலத் திருவிழாக் கூட்டம் இல்லை. ஆனால் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருத்தி வேப்பமரத்தடியில் முந்தானையை விரித்துப் படுத்து அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் அதிகம் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த ஷிஃப்ட்டுக்காரர்கள் தறியை ஓட்டிவிட்டார்கள். ஆனாலும் மரங்களுக்கு நடுவில் அது கொஞ்சம் தூரத்துச் சத்தமாகத்தான் இருந்தது.

ஆணையர் சங்கிலியை விட்டுவிட்டு நெடுநேரம் அந்தப் படுத்திருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூங்கிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"இந்த ஊஞ்சலை முதல்ல கட்டிப்போடுங்க" என்றார். ஜீப்பில் ஏறும்போது சொன்னார், "ஷிஃப்ட் முறை, ஸ்டாஃபுக்கு ரூம், எல்லாத்தையும் சேர்த்து எழுதிக் குடுங்க."

எழுதிக் குடுங்க! நான் அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மாரப்பண்ணன் அந்தப் பெண் எழுந்துவிடக் கூடாதே என்று விசிலை ஊதாமல், கையை மட்டும் ஆட்டி ஜீப்பை வழியனுப்பினார். அந்தத் தீர்மானம் மன்றத்துக்குப் போகவே இல்லை. கொஞ்ச நாளில் அந்த நகராட்சியின் எல்லாப் பூங்காக்களும் மத்தியானத்தில் திறந்தன. பக்கத்து நகராட்சிகளிலிருந்து எங்கள் சங்கத்தைக் கூப்பிட்டு எப்படி ஷிஃப்ட் போட்டீர்கள் என்று கேட்டார்கள். புல்லு வெட்டுகிற சங்கம்! நாங்கள் வேலையை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது என்றார்களே, நாங்கள் கேட்டைத் திறந்தபோது ஊருக்கே தெரிந்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் சின்னுசாமி ஐயா அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அது ஒரு முள்ளாக இருந்தது. பூட்டு நாள் வேறு நெருங்கியது. கொண்டாடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டே இல்லாமல் என்ன பூட்டு நாள்? "பொங்கலை மட்டும் வெப்போமுங்க்கா" என்றார் மாரப்பண்ணன். அந்தத் தறித்தெருப் பூங்காவிலேயே வைத்தோம். எங்களுக்குக் கொடுத்த புது ஓய்வறை அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு கதவு.

உச்சி வெயிலில் ஐயா வந்தார். கையில் மஞ்சள் பை. எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து பித்தளைப் பூட்டை எடுத்தார். வழக்கம்போலச் சந்தனம், குங்குமம், பூச்சரம். கேட்டை நோக்கி நடந்தார். கேட்டை இழுத்து மூடிவிட்டால் தடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. கேட்டருகே நின்று உள்ளே பார்த்தார். மரத்தடியில் படுத்திருந்தவர்களையும் உட்கார்ந்து சோறு தின்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கேட்டைத் தொடாமல் திரும்பி, ஓய்வறைப் பக்கம் போனார். கதவைத் திறந்து கட்டிலை அழுத்திப் பார்த்தார். மின்விசிறியைப் போட்டுப் பார்த்தார். வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் அந்தப் பூட்டை மாட்டிப் பூட்டினார். சாவியை மாரப்பண்ணன் கையில் வைத்தார்.

விரலால் காற்றைத் தட்டினார்.

"பூட்டு பார்க்குக்குன்னு வாங்கலீங்க" என்றார் எல்லோரையும் பார்த்து. "ஒறங்கறதுக்குன்னு வாங்குனது." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரியாத்தான் பண்ணியிருக்கற அம்மிணி."

நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே மரத்தடியிலிருந்த பெண்களும் கைதட்டினார்கள். "பொங்கல் யாருக்குங்க்கா?" என்று காந்திமதி கத்தினாள். "எல்லாத்துக்குந்தான், வாங்க!" என்று நானும் அவளைப்போலவே கத்தினேன்.

முன்பெல்லாம் பூட்டிய கேட்டுக்குள் எங்களுக்கு மட்டும் போட்ட இலை. அன்றைக்குத் தெருவே வந்து உட்கார்ந்தது. பானை வழிக்க வழிக்கக் காலியாகிவிட்டது. கடைசி இலை ஐயாவுக்குப் போனது. எனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு விழாக்களில் இலை போட்டு விருந்து வைத்துவிட்டார்கள். எதிலும் எனக்கு அன்றைக்கு நிறைந்த மாதிரி வயிறு நிறையவில்லை.